வசனமே இல்லாத சிறுவர் சித்திரக்கதை: அணிலையும் வௌவாலையும் 16 பக்கத்தில் நண்பர்களாக்குவது எப்படி?

நாலு முதல் எட்டு வயதுப் பிள்ளைகள் யார் துணையும் இல்லாமல் தாமே புரட்டிப் புரிந்துகொள்ளக்கூடிய ஒரு சித்திரக்கதையை, வெள்ளைத் தாளிலிருந்து அச்சகம் வரை கொண்டுபோவதற்கான வழிகாட்டி இது. கதையில் வசனம் கிடையாது. ஒன்றிரண்டு ஓசைச் சொற்கள் மட்டும் வரும். கரு, ஒன்றுக்கொன்று ஒத்தே வராத இரண்டு விலங்குகளின் நட்பு. கடைசிவரை ஒரே உதாரணத்தை வைத்துக்கொண்டு போகிறேன்: ஓர் ஆலமரம், அதில் ஓர் அணில், ஒரு பழந்தின்னி வௌவால்.

புதிதாக வருபவர்களில் பலர் நன்றாகவே வரைகிறார்கள். அவர்கள் தடுக்கி விழுவது வேலையின் வரிசையில். முதல் நாளே அணிலை அழகாக வரைந்து, மையும் போட்டு, நிறமும் கொடுத்துவிட்டு, அப்புறம் "இதை வைத்து என்ன கதை பண்ணலாம்?" என்று உட்காருகிறார்கள். வசனம் உள்ள கதையில் எங்காவது ஓட்டை விழுந்தால் கடைசி நேரத்தில் ஒரு பேச்சுக் குமிழைப் போட்டு அடைத்துவிடலாம். இங்கே அந்த வசதி இல்லை. ஓட்டை இருந்தால் அந்தப் பக்கத்தையே திரும்ப வரையவேண்டும். அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். குறிப்பாக ஒன்பதாவது படியை முடிக்காமல் பத்தாவதுக்குப் போகாதீர்கள்.

1. தொடங்கும் முன் சேர்த்துவைக்க வேண்டியவை

முதல் பாதி வேலைக்கு ஏ4 தாள், எச்பி பென்சில், அழிப்பான் போதும். இரண்டாம் பாதிக்கு 180 முதல் 220 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) வரையிலான கார்ட்ரிட்ஜ் தாள் எனப்படும் தடித்த வரைதாள், தண்ணீர் பட்டால் கரையாத மை உள்ள பிரஷ் பேனா, ஒரு ஸ்கேனர் தேவை. கணினியில் வரைபவர்களுக்குக் கிரீட்டா என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ் என்ற மென்பொருள். விலை உயர்ந்த டேப்லெட் வாங்கிவிட்டுத்தான் தொடங்குவேன் என்று காத்திருக்க வேண்டாம்.

இவற்றைவிட முக்கியமாக இரண்டு தேவை. ஒன்று, விலங்கை நேரில் பார்த்த நேரம். அணில் எந்தத் தெருவிலும் இருக்கிறது. அது மரத்தில் இறங்குவதை மொபைலில் எடுத்து, வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். பழந்தின்னி வௌவால்கள் கோயில் தோப்புகளிலும் பழைய ஆலமரங்களிலும் மருதமரங்களிலும் கூட்டமாகத் தொங்கும். சூரியன் மறையும் நேரத்தில் மரத்துக்குச் சற்று தள்ளி நின்று பார்த்தால் போதும்.

மற்றொன்று, கதையைச் சோதித்துப் பார்க்க இரண்டு மூன்று பிள்ளைகள். உங்கள் வீட்டுப் பிள்ளை இதற்கு ஆகாது. அது படத்தைப் பார்க்காமல் உங்கள் முகத்தைப் பார்த்தே பதில் சொல்லிவிடும்.

2. ஜோடியைத் தேர்ந்தெடுங்கள்: ஏன் சேராது என்று முதலில் எழுதுங்கள்

"பெரியது–சிறியது" என்பதே பெரும்பாலானவர்கள் மனதில் முதலில் வரும் ஜோடி. யானையும் எறும்பும், சிங்கமும் எலியும். இதில் உள்ள சிக்கல், கதை உடனே ஒரே தடத்தில் விழுந்துவிடும்: பெரியது மாட்டிக்கொள்ளும், சிறியது காப்பாற்றும். பிள்ளைகள் மூன்றாம் பக்கத்திலேயே முடிவைச் சொல்லிவிடுவார்கள்.

உருவத்தை விட்டுவிட்டு அன்றாடப் பழக்கத்தைப் பாருங்கள். ஒரு தாளை நடுவில் மடித்து இரண்டு பக்கமும் எழுதுங்கள்: எப்போது விழித்திருக்கும், எங்கே தூங்கும், எப்படித் தூங்கும், என்ன தின்னும், தின்றபின் மிச்சத்தை என்ன செய்யும், எவ்வளவு சத்தம் போடும்.

அணிலுக்கும் வௌவாலுக்கும் எழுதிப் பார்த்தால் கதை தானாகவே எட்டிப் பார்க்கிறது. அணில் பகலில் ஓடும். வௌவால் பகலில் தூங்கும். அணில் நாரும் பஞ்சும் சேர்த்து உருண்டையாகக் கூடு கட்டும். வௌவாலுக்குக் கூடே கிடையாது, தலைகீழாகத் தொங்கி இறக்கையைப் போர்த்திக்கொள்ளும். அணில் வாலை ஆட்டி ஆட்டிக் கீச்சிட்டுக்கொண்டே இருக்கும். வௌவால் பழத்தை மென்று சாற்றை விழுங்கிவிட்டுச் சக்கையைத் துப்பும். இரண்டும் ஒரே மரத்தில், ஒன்றின் கீழ் ஒன்று இருந்தால் என்ன ஆகும்? இரவில் வௌவாலின் சக்கை அணிலின் கூட்டில் விழும். பகலில் அணிலின் கூச்சல் வௌவாலைத் தூங்கவிடாது. யாரும் கெட்டவர் இல்லை. ஒருவருடைய இயல்பு அடுத்தவருக்குத் தொல்லை. வசனமில்லாக் கதைக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேண்டாம், ஏனென்றால் தொல்லை கண்ணுக்குத் தெரிகிறது.

ஒன்றை ஒன்று தின்னும் ஜோடியை எடுக்காதீர்கள், உதாரணமாகப் பாம்பும் தவளையும். நட்பு முடிந்ததும் பிள்ளை கேட்கும் முதல் கேள்வி "அப்ப பாம்பு இனிமே என்ன சாப்பிடும்?" என்பதுதான். அதற்குப் பதிலையும் படத்திலேயே சொல்ல முடிந்தால் மட்டும் அந்த வழியில் போங்கள்.

3. கதையை வினைச்சொற்களில் எழுதுங்கள்

படம் போடும் முன் கதையைச் சொல்லால் எழுதத்தான் வேண்டும். எழுதும்போது ஒரு தடை: "நினைத்தது", "உணர்ந்தது", "வருந்தியது", "புரிந்துகொண்டது" ஆகிய நான்கும் வரக்கூடாது. இவற்றை வரைய முடியாது. வரைய முடியாததை எழுதிவைத்தால், பின்னால் தலைக்கு மேல் கேள்விக்குறியும் இதயமும் மிதக்கவிட்டுச் சமாளிக்கத் தோன்றும்.

"அணிலுக்கு வௌவால்மேல் கோபம் வந்தது" என்பதை எப்படி மாற்றுவது? "அணில் கூட்டிலிருந்து சக்கையைப் பொறுக்கி வெளியே எறிகிறது. மேலே பார்க்கிறது. வாலைத் தூக்கிக்கொண்டு கத்துகிறது. இலைகள் நடுங்குகின்றன." நான்கு வரி, நான்கு கட்டம். இந்தக் கணக்கு முக்கியம்: ஒரு வினை, ஒரு கட்டம். ஒரே கட்டத்துக்குள் அணில் எறிவதையும் மேலே பார்ப்பதையும் காட்ட முயன்றால் இரண்டுமே தெளிவாக இராது.

இப்படி எழுதினால் முழுக்கதையும் ஐம்பது வரிக்குள் அடங்கவேண்டும். 16 பக்கத்துக்குப் பக்கத்துக்கு மூன்று கட்டம் என்று வைத்தால் 48 வரும். ஆறேழு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பக்கத்துக்கு நாலு கட்டத்துக்கு மேல் வேண்டாம். எழுபது வரி வந்துவிட்டதா? கட்டங்களைச் சின்னதாக்கித் திணிக்காதீர்கள், கதையை வெட்டுங்கள். முதலில் வெட்டவேண்டியவை பெரும்பாலும் தொடக்கத்தில்தான் இருக்கும்: அணில் எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது என்பதெல்லாம் பிள்ளைக்கு வேண்டியதில்லை. வாயில் நாருடன் மரத்தை நோக்கி ஓடிவந்தால் போதும்.

4. நட்பு எந்தக் கட்டத்தில் தெரிகிறது என்று குறியுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். கேட்டால் "கடைசிப் பக்கத்தில் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள்" என்பார்கள். அந்தப் படம் நட்பு ஏற்பட்டுவிட்டதாக அறிவிக்கிறது. எப்படி ஏற்பட்டது என்று காட்டவில்லை. ஆபத்திலிருந்து காப்பாற்றுவதும் சுலபவழிதான். மரம் சாய்கிறது, பருந்து வருகிறது, வௌவால் பறந்துவந்து தூக்குகிறது. அது நன்றிக்கதை.

நம் ஜோடிக்குப் பொருத்தமானது வேறு: ஒவ்வொன்றும் அடுத்ததற்காகத் தன் வழக்கத்தை ஒருமுறை நிறுத்துகிறது. வௌவால் துப்பாமல் இருக்கிறது. அணில் கத்தாமல் இருக்கிறது.

செய்யாமல் விட்டதை எப்படி வரைவது? இதற்கு ஒரே வழி, அந்தச் செயலை முன்பே பிள்ளையின் கண்ணுக்குப் பழக்கிவைப்பது. 4, 5-ஆம் பக்கங்களில் மூன்று கட்டம்: வௌவால் மெல்லுகிறது, கன்னம் உப்புகிறது, சக்கை விழுகிறது. 7-ஆம் பக்கத்தில் அதே மூன்று கட்டம், அதே கோணம், அதே அளவு. ஒரு கிளைகூட இடம் மாறக்கூடாது. இப்போது பிள்ளைக்குத் தாளம் பிடிபட்டுவிட்டது. 12-ஆம் பக்கத்தில் மூன்றாம் முறை வருகிறது: மெல்லுகிறது, கன்னம் உப்புகிறது, மூன்றாவது கட்டத்தில் சக்கை விழவில்லை. வௌவாலின் கண் மட்டும் கீழே, கூட்டின் பக்கம் திரும்பியிருக்கிறது. நான்காவது கட்டத்தில் அது உப்பிய கன்னத்தோடே அடுத்த கிளைக்கு நகர்கிறது.

இந்த இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள். கன்னம் உப்பியே இருப்பது வேடிக்கை. ஆனால் ஏன் நகர்ந்தது என்றும் அவர்களே சொல்லிவிடுவார்கள். முதல் இரண்டு முறையும் கோணத்தை மாற்றி மாற்றி "அழகாக" வரைந்திருந்தால் மூன்றாவது முறையின் வேறுபாடு யார் கண்ணிலும் படாது. ஒரே படத்தைத் திரும்ப வரைவது சலிப்பாக இருக்கும்தான். வரையுங்கள்.

அணில் பக்கமும் இதே முறைதான். 6-ஆம் பக்கத்தில் வாலைத் தூக்கிக் கத்தியது, 14-ஆம் பக்கத்தில் வாயைத் திறக்கிறது, தூங்கும் வௌவாலைப் பார்க்கிறது, வாலாலேயே வாயைப் பொத்திக்கொள்கிறது. இந்தப் படத்துக்கு விளக்கமே வேண்டாம்.

5. உருவங்களைத் தீர்மானியுங்கள்

முதல் சோதனை நிழலுருவம். இரண்டு விலங்கையும் உள்ளே ஒன்றும் வரையாமல் முழுக்கருப்பாகத் தீட்டி, கைநீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். எது எது என்று தெரியவேண்டும். வௌவால் இறக்கையைப் போர்த்தித் தொங்கும்போது ஒரு காய்ந்த இலைச்சுருள் மாதிரி இருக்கும். அணில் என்றால் வால்தான். கதை முழுக்க வாலை மறைக்காதீர்கள்.

அளவை ஒருமுறை முடிவுசெய்துவிட்டு மாற்றாமல் வைத்திருங்கள். அணில் வாலோடு சேர்த்து ஏறக்குறைய ஓர் அடி. பழந்தின்னி வௌவாலின் விரித்த இறக்கை ஒரு மீட்டரைத் தாண்டும். "இரண்டும் நண்பர்கள்தானே" என்று ஒரே அளவில் வரைந்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. அணில் முதன்முதலில் அந்த இறக்கை விரிவதைப் பார்க்கும் கட்டத்தின் பலமே அளவில்தான் இருக்கிறது.

வௌவாலில் மூன்று பிழைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதலாவது, இறக்கையைக் குடை மாதிரி வரைவது. அது உண்மையில் கை. நீண்ட நான்கு விரல்கள் தோலுக்குள் ஓடுகின்றன, கட்டைவிரல் மட்டும் நகத்தோடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கட்டைவிரலை விட்டுவிடாதீர்கள்; பழத்தைப் பிடிக்க, கிளையைப் பற்ற, தயங்கித் தயங்கி நீட்ட, எல்லாவற்றுக்கும் உங்களுக்கு அதுதான் கை. இரண்டாவது, திரைப்பட வௌவாலின் கோரைப்பல் முகம். பழந்தின்னிக்கு நரிக்குட்டி மாதிரி நீண்ட மூக்கும் பெரிய கண்ணும் உண்டு. இருட்டில் இது கண்ணையும் மூக்கையும் நம்பித்தான் பழம் தேடுகிறது, எனவே பெரிய கண் வரைவது பொய்யும் ஆகாது. மூன்றாவது, தனியாகத் தொங்கும் வௌவால். இவை கூட்டமாக வாழ்பவை. கூட்டத்தைப் பின்னணியில் கருப்புப் புள்ளிகளாக வைத்துவிட்டு, நம் ஆளை மட்டும் தனிக் கிளைக்குக் கொண்டுவாருங்கள்.

அணிலுக்கு முதுகில் மூன்று கோடு. பக்கவாட்டில் பார்க்கும்போது மூன்றும் தெரியாது, இரண்டு போதும். அத்துடன் ஓர் அடையாளம் கொடுங்கள், வால் நுனியில் ஒரு வெட்டு அல்லது ஒரு காதில் ஓட்டை. எதற்கு என்பது ஒன்பதாவது படியில் தெரியும்.

6. டம்மி செய்யுங்கள்

நாலு ஏ4 தாளை எடுத்து, ஒன்றாக அடுக்கி நடுவில் மடியுங்கள். 16 பக்க ஏ5 புத்தகம் கையில் வந்துவிட்டது. அச்சகத்தில் இதைத்தான் டம்மி என்பார்கள். அட்டை தனி. பக்க எண்களை மூலையில் எழுதுங்கள். 1 வலதுபக்கம் வரும். அதன்பின் 2–3, 4–5 என்று எதிரெதிராக வரும். 16 இடதுபக்கத்தில் முடியும்.

இந்த டம்மியில் நேரடியாகப் பென்சிலால் கிறுக்குங்கள். குச்சி உருவம் போதும். தனித்தனித் தாளில் வரைந்துவிட்டுப் பின்னால் கோத்துக்கொள்ளலாம் என்பவர்கள் ஒரு விஷயத்தைக் கோட்டைவிடுகிறார்கள்: புரட்டும் இடம். வாசகர் தாளைப் புரட்டுவது ஒற்றைப்படைப் பக்கம் முடிந்தபின்தான். ஆகவே திகைப்பு வரவேண்டியது இரட்டைப்படைப் பக்கத்தின் முதல் கட்டத்தில். அதை 9-லோ 11-லோ வைத்தால், எதிர்ப்பக்கம் படிக்கும்போதே கடைக்கண்ணில் பட்டுவிடும். 7-ஆம் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் அணில் ஓர் இலையை விலக்குகிறது. என்ன பார்த்தது? புரட்டினால்தான் தெரியும்.

8–9 நடுப்பக்கம். புத்தகத்தில் ஒரே தாளாக விரியும் இடம் இது ஒன்றுதான். மற்ற இடங்களில் எதிரெதிர்ப் பக்கங்கள் வெவ்வேறு தாளில் இருப்பதால், குறுக்கே ஓடும் படம் பைண்டிங்கில் கொஞ்சம் விலகிவிடக்கூடும். பெரிய படம் ஒன்றே ஒன்று என்றால் அதை இங்கே வையுங்கள்.

7. கட்டத்துக்குள் கவனிக்க வேண்டியவை

திசை. நாம் இடமிருந்து வலம் படிக்கிறோம். கதை முன்னேறும்போது அணில் வலப்பக்கம் ஓடட்டும், பின்வாங்கும்போது இடப்பக்கம். ஒரே ஓட்டத்தின் நடுவில் திசையை மாற்றினால், அணில் திரும்பிப் போய்விட்டதாகவே பிள்ளை நினைக்கும்.

மேல்–கீழ். தலைகீழாகத் தொங்கும் பாத்திரம் இருப்பதால் இந்தக் கதையில் இது பெரிய தலைவலி. எது தலைகீழ், எது நேர் என்று பிள்ளைக்கு ஒவ்வொரு கட்டத்திலும் தெரியவேண்டும். ஆலமரத்தை எடுத்ததன் காரணம் இதுதான்: விழுது எப்போதும் கீழ்நோக்கித்தான் தொங்கும். நெருக்கத்தில் முகத்தை மட்டும் வரையும் கட்டத்திலும் ஓரத்தில் ஒரு விழுதைக் காட்டிவிடுங்கள். பழமோ மழைத்துளியோ விழுந்துகொண்டிருந்தாலும் சரி. இந்தக் குறிப்பு இல்லாத வௌவால் முகம், அச்சுப்பிழையால் தலைகீழாகப் போய்விட்ட படம் மாதிரி இருக்கும்.

இதைப் பழக்கிவிட்டால் நடுப்பக்கத்தில் ஒரு விளையாட்டு ஆடலாம். அணில்களால் பின்னங்கால் நகத்தால் பட்டையைப் பற்றிக்கொண்டு தலைகீழாகத் தொங்க முடியும். பின்பாதத்தைப் பின்னோக்கித் திருப்பும் வசதி அவற்றுக்கு உண்டு. 8–9-இல் அணில் முதன்முறையாக அப்படித் தொங்கி வௌவாலை நேருக்குநேர் பார்க்கிறது. அந்த விரிப்பை முழுக்கத் திருப்பி வரையுங்கள்: இரண்டு முகமும் நேராக இருக்கும், விழுதுகள் தரையிலிருந்து முளைத்த மரங்கள் போல மேல்நோக்கி நிற்கும். பெரியவர்கள் ஒருகணம் விழிப்பார்கள். பிள்ளைகள் யோசிக்காமல் புத்தகத்தையே சுற்றித் திருப்பிப் பார்ப்பார்கள்.

நேரம். "மறுநாள் காலை" என்று எழுத முடியாது. இரவுக்கு ஒரு நிறம், பகலுக்கு ஒரு நிறம் என்று வைத்தாலே பாதி வேலை முடியும். பகலுக்குள்ளேயே நேரம் போவதைக் காட்ட நிழலின் நீளம் உதவும். நண்பகலில் காலடியில், மாலையில் நீண்டு. ஒரு நாள் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் விலங்குகளே இல்லாத ஒரு கட்டம் வையுங்கள், மரமும் வானமும் மட்டும். புதியவர்கள் இதை வீண் என்று நீக்கிவிடுகிறார்கள். அப்புறம் இரவும் பகலும் ஒரே மூச்சில் நடந்ததுபோல ஆகிவிடுகிறது.

முகபாவம். இது கொஞ்சமாக இருக்கட்டும். எல்லாக் கட்டத்திலும் வாய் காதுவரை சிரித்தால், சிரிக்கவேண்டிய கட்டத்தில் செய்ய ஒன்றும் மிஞ்சாது. உணர்ச்சியை முதலில் உடம்பில் காட்டுங்கள்: அணிலுக்கு வால், வௌவாலுக்கு இறக்கை. அஞ்சினால் போர்த்திக்கொள்ளும், வெப்பம் தாங்காவிட்டால் விசிறும். விசிறுவது நிஜ வழக்கம். நண்பகல் வெயிலில் இவை இறக்கையை விசிறிக் குளிர்ச்சி தேடும். 11-ஆம் பக்கத்தில் அந்தக் காற்று கீழே அணிலின் கூட்டுக்கும் வருகிறது, அணில் கண்ணை மூடி முகத்தைக் காட்டுகிறது. வௌவாலுக்கு அது தெரியவே தெரியாது. அடுத்த பக்கத்தில் நடப்பதற்கு இந்தப் பக்கம் தரை போட்டுக்கொடுக்கிறது.

தூரம். முதல் பக்கங்களில் இரண்டுக்கும் நடுவே ஒரு கிளையாவது குறுக்கே ஓடட்டும். பக்கம் போகப்போக அந்தக் கிளையை எடுத்துவிடுங்கள். யாரும் கவனித்துச் சொல்லமாட்டார்கள். ஆனால் வேலை செய்யும்.

8. சொல் எங்கே வரலாம்

என் கணக்கில் இப்படிப்பட்ட கதைக்கு மூன்று நான்கு ஓசைச் சொல் தாங்கும். எங்கே வைப்பது என்பதற்கு ஒரு எளிய விதி: ஓசை எழும் இடம் கட்டத்துக்கு வெளியே இருந்தால் மட்டும் எழுதுங்கள். அணில் தூங்குகிறது, மேலேயிருந்து "பொத்" என்று கேட்கிறது; சக்கை இன்னும் கண்ணில் படவில்லை. இங்கே சொல் வேண்டும். சக்கை விழுவதையே வரைந்துவிட்டால் அந்தச் சொல் மிகை.

எழுத்தைக் கையால் வரையுங்கள், எழுத்துரு போடாதீர்கள். அணிலின் "கீச்" கூராகவும் பொடியாகவும், வௌவால் இறக்கையின் "படபட" பெரிதாகவும் தளர்வாகவும் இருந்தால், படிக்கத் தெரியாத பிள்ளையும் அதைக் கேட்கும். சிந்தனைக் குமிழுக்குள் சின்னப் படம் போடுவதைத் தவிர்த்துவிடுங்கள். அது வேறு வேடத்தில் வந்த வசனம்.

9. மை போடும் முன் பிள்ளையிடம் காட்டுங்கள்

பென்சில் டம்மியைக் கொஞ்சம் திருத்தமாக்கி, பிள்ளை கையில் கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், பேசாதீர்கள். "புரியுதா?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் "புரியுது" என்றுதான் சொல்லும். "என்ன நடக்குது, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். அது சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். தவறாகச் சொன்னால் திருத்தாதீர்கள், திருத்தவேண்டியது படத்தை.

கவனிக்கவேண்டியவை: எந்தக் கட்டத்தைப் பார்க்காமல் தாண்டுகிறது, எந்த இடத்தில் பின்னால் புரட்டுகிறது, விரல் எங்கே நிற்கிறது. பின்னால் புரட்டுவது எப்போதும் கெட்டதல்ல. 12-ஆம் பக்கத்திலிருந்து 4-க்குப் போய்ப் பார்த்தால் உங்கள் மூன்று முறை உத்தி வேலை செய்கிறது என்று பொருள். 3-லிருந்து 2-க்குத் திரும்பத் திரும்பப் போனால் கட்டங்களின் வரிசை குழப்புகிறது.

கடைசியாக ஒரு கேள்வி: "இந்தப் பக்கத்துல எத்தனை அணில் இருக்கு?" நாலு வயதுப் பிள்ளைகளில் சிலர் கட்டத்துக்கு ஒன்றாக எண்ணி "நாலு அணில்" என்பார்கள். அவர்களுக்கு அவை நாலு வெவ்வேறு அணில்கள், கதையே கிடையாது. வால் நுனி வெட்டு இங்கேதான் உதவுகிறது: அதே வெட்டு எல்லாக் கட்டத்திலும் இருந்தால் அதே ஆள் என்று பிடித்துக்கொள்கிறார்கள். அடுத்தடுத்த கட்டங்களில் பின்னணியை மாற்றாமல் வைப்பதும் உதவும்.

இரண்டு பிள்ளைகள் ஒரே இடத்தில் தடுக்கினால் அந்த இடத்தை மாற்றுங்கள். ஒருவர் மட்டும் என்றால் காத்திருங்கள். மாற்றியபின் புதிய பிள்ளையிடம் காட்டவேண்டும். ஏற்கெனவே பார்த்தவருக்குக் கதை தெரியும்.

10. மையும் நிறமும்

இறுதிப் படத்தை அச்சு அளவைவிடப் பெரிதாக வரையுங்கள். ஏ5 புத்தகத்துக்கு ஏ4 தாளில் வரைந்தால் சுருக்கும்போது கோட்டின் நடுக்கம் மறையும். டம்மியைப் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்து, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மேலே கார்ட்ரிட்ஜ் தாளை வைத்துப் படி எடுக்கலாம். தாள் மிகத் தடிமனாக இருந்தால் பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். சுருங்கும்போது மெல்லிய கோடு காணாமல் போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். அணில் முதுகுக் கோடுகளைத் தடிப்பாகவே போடுங்கள்.

நிறத்தில் கஞ்சத்தனம் நல்லது. பகலுக்கு மஞ்சள் சார்ந்த ஒன்று, இரவுக்கு நீலம் சார்ந்த ஒன்று. 14-ஆம் பக்கம் வரை இவை இரண்டும் ஒரே பக்கத்தில் கலக்கக்கூடாது. 15, 16-இல்தான் அணில் தூங்கப்போகாமல் காத்திருக்கிறது, வௌவால் வழக்கத்தைவிட முன்னதாக விழிக்கிறது. அந்த அந்தி நிறத்தை இதற்கென்றே ஒதுக்கிவையுங்கள். முன்பே ஒரு சூரிய அஸ்தமனத்தை ஆசைக்கு வரைந்து தீர்த்துவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கருப்புக் கோட்டுப் படத்தை 600 டிபிஐ-யிலும் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) நிறத்தோடு உள்ளதை 300-லும் ஸ்கேன் செய்யுங்கள். 300 டிபிஐ-யில் ஏ5 பக்கம் 1748 × 2480 பிக்சல் வரும். அதற்குக் குறைவான கோப்பை இழுத்துப் பெரிதாக்காதீர்கள்.

11. அச்சகத்துக்குப் போகும் முன்

நாலு பக்கமும் 3 மி.மீ. ப்ளீட் (வெட்டும்போது போய்விடும் கூடுதல் ஓரம்) விடுங்கள், ஏ5-க்குக் கோப்பின் அளவு 154 × 216 மி.மீ. ஆகும். முகம், கட்டைவிரல், ஓசைச்சொல் எதுவும் வெட்டும் விளிம்புக்கு மிக அருகில் வரவேண்டாம். கருப்புக் கோடு கே 100 மட்டும் ஆக, அதாவது கருப்பு மை ஒன்றே முழு அளவில் உள்ளதாக இருக்கட்டும். நாலு நிறமும் கலந்த கருப்பாக இருந்தால், அச்சுத் தட்டுகள் இம்மி விலகினாலும் கோட்டைச் சுற்றி வண்ண நிழல் தெரியும்.

பக்கங்களை ஒற்றை ஒற்றையாக, படிக்கும் வரிசையில் பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். தாளில் எந்தப் பக்கம் எங்கே விழவேண்டும் என்பதை அச்சகமே அடுக்கிக்கொள்ளும். நீங்கள் அடுக்கிக் கொடுத்தால் குழப்பம்தான். உள்தாள் 100 ஜிஎஸ்எம் அல்லது அதற்கு மேல் மேப்லிதோ (பளபளப்பில்லாத அச்சுத்தாள்), இல்லையென்றால் பின்பக்க இரவுநீலம் முன்பக்கம் தெரியும். அட்டை 250 ஜிஎஸ்எம், சென்டர் பின் (நடுமடிப்பில் பின் அடிக்கும் பைண்டிங்). சில நூறு பிரதிதான் என்றால் டிஜிட்டல் அச்சு, அதற்கு மேல் ஆஃப்செட் விசாரியுங்கள். கடைகளில் வைக்க எண்ணம் இருந்தால் புத்தகத்தை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள். இந்தியாவில் அதற்குக் கட்டணம் இல்லை.

பின்னட்டையின் உட்பக்கம் பெரியவர்களுக்கு இரண்டு வரி எழுதுங்கள்: "கதை சொல்லிக் கொடுக்கவேண்டாம். பிள்ளை சொல்வதைக் கேளுங்கள்." வசனமில்லாப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் "இதுல படிக்க என்ன இருக்கு?" என்று திருப்பி வைத்துவிடுபவர்கள் அவர்கள்தான்.

முழு அச்சுக்கு முன் ஒரு மாதிரிப் பிரதி கட்டாயம் கேளுங்கள். கணினித் திரையில் பளிச்சென்று இருந்த இரவு, தாளில் பெரும்பாலும் ஒரு படி இருட்டாகவே வரும். கருப்பு வௌவால் நீலத்துக்குள் மூழ்கிப் போயிருந்தால் பின்னணியை வெளுப்பாக்குங்கள், வௌவாலைத் தொடாதீர்கள். 8–9-ஐ விரித்து, இரண்டு முகத்துக்கும் நடுவில் பின் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். 12-ஆம் பக்கத்தில் வௌவாலின் கண் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கைநீட்டும் தூரத்தில் தெரியவேண்டும். தெரியாவிட்டால் அந்த ஒரு கண்ணை மட்டும் பெரிதாக்கி மறுபடி அனுப்புங்கள்.